ஏழாம் படுக்கையின் இடது கை

ஜூன் 4

சிஸ்டருக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மார்ச் மாதம் உங்கள் ஐ.சி.யூ.வில் ஏழாம் படுக்கையில் நிமோனியாவோடு கிடந்த தையல்காரம்மாவின் வீட்டுக்காரன் நான். வாசலில் இருந்த இரும்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால் 'வாட்ச்மேன் தாத்தா' என்று பெயர் வைத்தீர்களே, அதே ஆள். அந்தப் பெயர் என் காதுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். வந்தது.

நீங்கள் மாற்றலாகிப் போன புது ஆஸ்பத்திரி விலாசத்தை ஹெட் நர்ஸிடம் வாங்கினேன். போன் நம்பரும் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் நீங்கள் இரண்டு தடவை 'ஐயா' என்பீர்கள், குரல் தழுதழுக்கும், நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. லாரி ஷெட்டில் பாரம் கட்டியவன். மூட்டைகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத மாட்டேன். பிழை இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியிடம் நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள். அதை நீங்களே வந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறந்திருப்பீர்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். அவள் ஒரு தடவை தொண்டைக் குழாயைத் தானே பிடுங்கிவிட்டாள். மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் பஞ்சுப் பட்டை சுற்றிக் கட்டிலோடு கட்டி வைத்தீர்கள். பார்வையாளர் நேரத்தில் நான் வந்தால் இடது கைப் பட்டையை மட்டும் அவிழ்த்து அந்தக் கையை என்னிடம் கொடுப்பீர்கள். "பட்டை பிடிச்சுக்கிறதைவிட நீங்க பிடிச்சுக்கிறது அவங்களுக்கு நல்லதுய்யா" என்பீர்கள். அது நல்ல காரியம்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ஐந்தாம் படுக்கையில் மெஷின் கத்தியது. "பிடிச்சுக்கோங்க, வந்துடறேன்" என்று ஓடினீர்கள். வரவில்லை. அவள் கை முகத்தை நோக்கி இழுத்தது. அரை நினைவில் கிடக்கும் பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. என் கை வழுக்கியது. பட்டை பக்கத்திலேயே தொங்கியது. கட்டினேன். உங்கள் முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ வேண்டும் என்பது உங்கள் சட்டம். மலைப்பாதையில் லாரி குலுங்கினாலும் அவிழாத முடிச்சு ஒன்றுதான் எனக்குத் தெரியும். மணி அடித்தது, வெளியே வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அது தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு நீங்கள் அவளைப் பார்க்க வந்தீர்கள். "இவர் என் கையைக் கட்டிப்போட்டார் சிஸ்டர், மூட்டையைக் கட்டுற மாதிரி" என்றாள். நீங்கள் அவள் தலையைத் தடவி, "அதெல்லாம் கனவும்மா. மருந்து அப்படித்தான் படம் காட்டும். யாரும் உங்களைக் கட்டலை" என்றீர்கள். மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாள். ஊசி போட்ட இடம் என்றீர்கள். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

இப்போது என் வீட்டில் நடப்பது என்ன தெரியுமா? பார்த்த மாத்திரத்தில் தோள் அளவு சொல்லும் மனுஷி, டேப்பை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, பாருங்க" என்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அணைத்தேனா என்கிறாள். போஸ்ட்மேன் வந்துவிட்டுப் போனால், நிஜமாகவே வந்தாரா என்கிறாள். அவ்வளவு தெளிவாகப் பார்த்தது கனவு என்றால் எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் வெளியூரில் இருக்கிறாள். ஜூலை கடைசியில் வந்து அம்மாவைக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டுவாளாம். தையல் மெஷினை விற்றுவிடச் சொல்கிறாள்.

ஆகவே நீங்கள் வந்து, அது கனவில்லை, கட்டியது உண்மை என்று சொல்லுங்கள். யார் கட்டியது என்று கேட்டால், நாங்கள் சிஸ்டர்கள்தான் என்று சொல்லிவிடுங்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

இப்படிக்கு,
ஏழாம் படுக்கை வீட்டுக்காரன்


ஜூன் 12

மதிப்பிற்குரிய ஐயா,

கவரின் மேலே இருந்த எழுத்தைப் பார்த்ததும் நீங்கள்தான் என்று தோன்றியது. பெட்டியில் எழுதுவது போலப் பெரிது பெரிதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் பிரிக்காமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எப்போதாவது வரும் என்று எதிர்பார்த்த கடிதம்தான்.

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் அன்றைக்கு இறந்துவிட்டார். சின்ன வயது. அவருடைய மனைவி என் யூனிஃபார்மைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, இறந்தவர் முகத்தைத் துடைத்துப் பார்க்கிற மாதிரி ஆக்கி, பிறகு அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய்க் காட்டி… இதெல்லாம் ஒரு சாக்கு இல்லை ஐயா. நான் வராததற்குக் காரணம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். அம்மாவின் விரல்கள் நீலமாக வீங்கியிருந்தன. முடிச்சை அவிழ்க்க முயன்றேன், நகம்தான் உடைந்தது. கத்தரிக்கோலால் வெட்டினேன். நிறம் திரும்பும்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்கள்.

கேஸ் ஷீட்டில் நான் எதுவும் எழுதவில்லை. எழுதினால் உங்களை உள்ளே விட மாட்டார்கள். அவிழ்த்துவிட்டுத் தனியாக விட்டுப்போனதற்கு எனக்கு மெமோ வரும். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னையும் காப்பாற்றிக்கொண்டேன். எது முதலில் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வார்டில் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உங்கள் முகம்தான். நாற்காலியை விட்டு நகராமல் கிடந்த மனுஷன். இவர்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறி ஒரே வீட்டுக்குப் போக வேண்டியவர்கள், அதில் இதைப் போய்ப் போட வேண்டுமா என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு நல்லவளாகத்தான் தெரிந்தேன்.

ஆனால் தெரியாமல் செய்யவில்லை ஐயா. ஐ.சி.யூ.வில் இருந்து எழுந்து வருகிறவர்களுக்கு எது நடந்தது, எது மயக்கத்தில் தோன்றியது என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்குத் தங்கள் புத்தி மேலேயே சந்தேகம் வந்துவிடும். புதிதாக வருகிற பெண்களுக்கு இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டு, உங்கள் வீட்டம்மாவிடம் இப்படிச் செய்தேன். அதுதான் தூங்க விடவில்லை.

வந்து உண்மையைச் சொல்கிறேன். ஆனால் சிஸ்டர்கள் கட்டினோம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டாம்.

ஒன்று கேட்கலாமா? அம்மா உங்களிடம் நேராகவே கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை.

பணிவுடன்,
சிஸ்டர்


ஜூன் 19

சிஸ்டருக்கு,

நான் உங்களைக் கேள்வி கேட்டு எழுதினேன். நீங்கள் என்னைக் கேள்வி கேட்கிறீர்கள். நல்ல கெட்டிக்காரத்தனம்.

கேட்டாள். வீட்டுக்கு வந்த முதல் வாரம், துணி மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நீங்க என்னைக் கட்டினீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க போதும்." நான், "சிஸ்டரே சொன்னாங்களே" என்றேன். அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "அப்போ எனக்குத்தான் பிசகிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் இல்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு தடவை குழாயைப் பிடுங்கியிருப்பாள். டாக்டரே சொன்னார், இன்னொரு தடவை தாங்காது என்று. அப்போது நீங்கள் ஐந்தாம் படுக்கையில் யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். வீங்கிய விரலைத் தேய்த்தேன் என்று எழுதுகிறீர்கள். தேய்ப்பதற்கு விரல் இருந்ததே, அது யாரால்?

போன வாரம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி, "அக்கா, பாதி வெட்டின துணிக்கா, இதை நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ண?" என்று கேட்டதற்கு, "வெட்டினது சரியான்னு எனக்கே தெரியலைம்மா, வேற யார்கிட்டயாவது காட்டு" என்றாளாம். நாற்பது வருஷமாக அவள் வெட்டிய துணியில் ஒரு விரல் அகலம்கூடப் பிசகியது கிடையாது. நான் சாட்சி. மெஷின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டாள். பிணத்துக்குப் போர்த்திய மாதிரி இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள் என்று எனக்குப் புத்தி சொல்வீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. மயங்கிக் கிடந்தவளைத்தான் தெரியும். அவள் கூடப்பிறந்த அண்ணன், பேச்சுவாக்கில் ஒரு தடவை, உனக்கு என்ன தெரியும் என்று சொன்னார். அவர் சாகும்வரை இவள் அவரோடு பேசவில்லை. செத்த வீட்டுக்கு வந்தாள், வேலை எல்லாம் பார்த்தாள், அழவில்லை. ஒரு வார்த்தைக்கே அப்படி. நான் செய்ததற்கு என்ன என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் சொல்கிறேன். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து நான் சொன்னபடி சொல்லுங்கள். இல்லை என்றால் ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு ஒரு புகார் போகும். தனியாக விட்டுப் போனது, கேஸ் ஷீட்டில் எழுதாதது, நோயாளியிடம் பொய் சொன்னது, மூன்றும் இருக்கும்.

ஏழாம் படுக்கை வீட்டுக்காரன்


ஜூன் 26

ஐயா,

புகார் போட வேண்டாம் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். உங்கள் முதல் கடிதத்தைப் படித்த பிறகு நானே ஹெட் நர்ஸுக்கு எழுதிவிட்டேன்.

அவர் போனில் கூப்பிட்டார். "உன்னை என் பொண்ணு மாதிரி நினைச்சேனேடி" என்றார். நான்கு வருஷம் என்னை ஒரு வார்த்தை சொல்லாதவர். பிறகு, கட்டியது யார் என்று கேட்டார். நான் அவிழ்த்துவிட்டு விட்டுப்போனேன், அதுதான் மேடம் தப்பு என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். அதையேதான் சொன்னேன். அது உங்களுக்காகச் சொன்னதில்லை. என் பங்கை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உயிரைக் காப்பாற்றினேன் என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் கட்டாமல் இருந்திருந்தால் குழாய் வெளியே வந்திருக்கலாம். இன்னொரு கால் மணி நேரம் நான் வராமல் இருந்திருந்தால் அந்தக் கையே போயிருக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் அம்மா கேட்பது இது இரண்டும் இல்லையே ஐயா. தான் பார்த்ததைப் பார்த்தோமா என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே நினைக்கட்டும், என் பெயர் மட்டும் கெடக் கூடாது என்று ஒருவர் இருக்க முடியுமா? இப்படி எழுதிவிட்டு யோசித்தால், நான் செய்ததும் வேறு இல்லை. அதனால் கோபமும் முழுதாக வர மாட்டேன் என்கிறது.

நீங்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் சொன்னது பொய் என்று மட்டும் சொல்வேன். கட்டியது யார் என்று அம்மா கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது. நான் வருவது வீணாகப் போனாலும் பரவாயில்லை.

சிஸ்டர்


ஜூன் 30

சிஸ்டர்,

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். காலை பஸ்ஸும் இப்போது சரியாக ஓடுவதில்லை. அவளுக்கு லேசாகச் சளி வேறு.

வெள்ளையடிக்கவில்லை. சளியும் இல்லை. பஸ் ஓடுகிறது.

சொல்லிப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் டீ கொண்டுவந்து வைத்தாள். நான், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "சர்க்கரை போட மறந்துட்டேனா?" என்றாள்.

சர்க்கரை சரியாக இருந்தது.

நான் ஆமாம் என்றேன். சிஸ்டர், ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு எதுவும் சொல்லாமல் தப்பிக்க அது ஒன்றுதான் கையில் அகப்பட்டது. அவள் உள்ளே போய் இன்னொரு ஸ்பூன் கொண்டுவந்து போட்டாள். "தினமும் ஒண்ணு மறந்துபோகுது" என்றாள். பாகு மாதிரி இருந்த டீயைக் கடைசி வரை குடித்தேன்.

இப்படிப்பட்டவனிடம் வந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள். வராதீர்கள்.


ஜூலை 8

மதிப்பிற்குரிய ஐயா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் வராதீர்கள் என்று எழுதிய கடிதம், நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தது. அதைப் படித்த பிறகுதான் கட்டாயம் வர வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் கதவைத் திறந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினீர்கள். நான் பஸ் ஏறும்வரை அந்தப் பால் வந்து சேரவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா, நீங்கள் வார்டில் சொன்னது கனவில்லை, உங்கள் கை கட்டப்பட்டது உண்மை, தழும்பு ஊசி போட்டதால் வந்ததில்லை, தெரிந்தே பொய் சொன்னேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். அழுவார்கள் என்றும் நினைத்திருந்தேன். அம்மா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளே போய்ப் பால் இல்லாத டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். யார் கட்டியது என்று கேட்கவே இல்லை. அந்தப் பேச்சின் பக்கமே போகவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்கள். தனியாகத் திரும்பிப் போவீர்களா அம்மா என்றேன். "வழி எனக்குத் தெரியும்" என்றார்கள். அதை அவர்கள் சொன்ன விதத்தை எழுதத் தெரியவில்லை. பஸ் வந்ததும், "உன்னை நான் இன்னும் மன்னிக்கலை. ஆனா வந்தே பாரு" என்றார்கள். முழுதாகச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கு மெமோ வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குப் பொறுப்பு எதுவும் தர மாட்டார்கள். அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இருக்கிறது.

வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுவீர்களா? கேட்க எனக்கு உரிமை இல்லை என்பது தெரியும்.

சிஸ்டர்


ஜூலை 21

சிஸ்டருக்கு,

பால் வாங்கினேன். வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே நின்றேன். கடைக்காரன், "என்ன பெரியவரே, பாலுக்குக் காவலா?" என்று கேட்டான். நீங்களும் அவளும் தெருமுனையைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். அவள் திரும்பித் தனியாக வருவதையும் பார்த்தேன். யாரையும் வழி கேட்காமல், நின்று யோசிக்காமல், நேராக வந்தாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன். பால் திரிந்துவிட்டது.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "நான்தான் கட்டினேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அந்த முடிச்சு நம் வீட்டில் துணிக்கொடியில் இருக்கிறது, பரண் பெட்டியில் இருக்கிறது, எனக்குத் தெரியாதா என்றாள். குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். உன் உயிரைக் காப்பாற்றத்தான் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கட்டினது போகட்டும். பயந்துபோய்க் கட்டியிருப்பீங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டியிருக்கலாம்ல? வாயிலதான் குழாய் இருந்துச்சு. காது கேட்டுச்சு."

மூட்டையிடம் யாரும் சொல்லிவிட்டுக் கட்டுவதில்லை சிஸ்டர். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

"எனக்குத் தெரிஞ்சதையே தெரியலைன்னு நாலு மாசம் நினைக்க வெச்சீங்களே" என்றாள். எழுந்து உள்ளே போனாள். மறுநாள் அவளுடைய பாயும் தலையணையும் மெஷின் இருக்கும் அறைக்குப் போய்விட்டன. எனக்குத் தட்டு வைத்துவிட்டு அவள் பிறகு சாப்பிடுகிறாள். மகளுக்கு அவளே போன் போட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லை, என்னன்னு உங்க அப்பாவையே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தாள். நான் சொன்னேன். மகள் வைத்துவிட்டாள். ஜூலை கடைசியில் வருவதாக இருந்தவள், இப்போது அம்மாவுக்காக வர வேண்டியதில்லை, உங்களைப் பார்க்க விருப்பம் இல்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறாள்.

போர்வையை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி பாதி வெட்டிய துணியைத் திரும்பக் கொண்டுவந்தாள். இவள் அதை விரித்து ஒரு தரம் பார்த்து, "சரியாத்தான் வெட்டியிருக்கேன்" என்றாள். டேப்பை என்னிடம் நீட்டவில்லை. அடுப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது, திடீர் திடீரென்று. மேல்கூரையில் தண்ணீர் ஓடியதே, அது உண்மையா? இல்லை என்கிறேன். கட்டிலுக்கு அடியில் நாய் படுத்திருந்ததே? இல்லை. ஒரு பெண் பக்கத்தில் கதறி அழுதாளே? உண்மை. மகள் டாக்டரோடு சண்டை போட்டாளே? உண்மை, நானும் சேர்ந்துதான் போட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். அவள் தலையாட்டிக்கொள்கிறாள். எங்களுக்குள் இப்போது இருக்கும் பேச்சு அது ஒன்றுதான். கேள்வி வராதா என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். "தினமும் சாயங்காலம் நீங்க கிளம்பும்போது, காதுகிட்ட குனிஞ்சு, நாளைக்கு வரேன், அதுவரைக்கும் இருன்னு சொல்லுவீங்களே. அது?" கேட்டுவிட்டு ஊசியை நிறுத்தினாள். "அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன்" என்றாள்.

நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை சிஸ்டர். கையைப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மணி அடித்தால் எழுந்து போவேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாயும் தலையணையும் அன்றைக்கே திரும்பி வந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. வாய்வரை வந்துவிட்டது.

"இல்லை, நான் அப்படி எதுவும் சொன்னதில்லை" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து வைத்தாள். "அப்போ யாரு?" என்றாள். தெரியாது என்றேன். "சிஸ்டரைக் கேட்டு எழுதுங்க" என்றாள்.

அதனால் கேட்கிறேன். சாயங்கால நேரத்தில் ஏழாம் படுக்கையின் காதில் அப்படிச் சொன்னது நீங்களா? இல்லை வேறு சிஸ்டர் யாராவதா? இல்லை, அப்படி ஒரு குரலே கிடையாதா? கிடையாது என்றால் கிடையாது என்றே எழுதுங்கள். சமாதானத்துக்காக எதுவும் எழுதிவிடாதீர்கள், அவள் கண்டுபிடித்துவிடுவாள். விலாசத்தில் என் பெயரைப் போட வேண்டாம். அவள் பெயருக்கே எழுதுங்கள். அவள்தான் பிரிப்பாள்.

உள்ளேயிருந்து, "எழுதியாச்சா?" என்று இரண்டாவது தடவை கேட்கிறாள். தபால் எடுப்பதற்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் படுக்கை வீட்டுக்காரன்